தாத்தாவின் தட்டில் இருந்த நெளிசல்

டெல்லியில் விடுதலைப் போராட்டத்துக்கான தேசிய அருங்காட்சியகம் ஒன்றில் எங்கள் தாத்தாவின் தட்டு இருக்கிறது. சிறையில் அவர் சாப்பிட்ட அலுமினியத் தட்டு. அவர் காலமான பிறகு அண்ணன்தான் எழுதிப்போட்டு அதைக் கொடுத்தார். போன வருடம் என்னையும் கூட்டிக்கொண்டு பார்க்கப் போனார்.

தட்டின் நடுவில் ஒரு நெளிசல். சிறை வார்டர் தடியால் அடித்தது என்று கண்ணாடிக்குக் கீழே எழுதியிருந்தது. அண்ணன் அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினார்.

அந்த நெளிசல் நான் செய்தது.

போடிமெட்டுக்குக் கேரளப் பக்கம் எங்கள் தேயிலை எஸ்டேட். மழை விட்டால் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குப் பின்னால் புல்சரிவில் பிள்ளைகள் எல்லாம் சாக்கில் உட்கார்ந்து சறுக்குவோம். ஒருநாள் எனக்குச் சாக்கு கிடைக்கவில்லை. தாத்தாவின் தகரப் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்துப் போய்விட்டேன். அப்படி ஒரு வேகத்தை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. கீழே பாறை இருந்தது.

தட்டைப் பார்த்ததும் அம்மா விறகுக் கம்பை எடுத்தார். தாத்தா குறுக்கே வந்தார்.

"பிள்ளைய விடு. அது ஜெயில்ல வார்டர் அடிச்சது."

அந்தப் பெட்டியை அவர் யாருக்கும் திறந்து காட்டியதில்லை. அம்மா நம்பிவிட்டார். அண்ணனும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தார்.

கண்ணாடிக்கு முன்னால் பள்ளிப் பிள்ளைகள் நின்றார்கள். ஒரு சிறுமி அந்த நெளிசலையே பார்த்தபடி நகரவில்லை. எனக்குக் காது சுட்டது. சொன்னால் தட்டைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களோ, எஸ்டேட் முழுக்கப் பெருமையாகச் சொல்லியிருந்த அண்ணன் என்ன ஆவார் என்று பயம். இருந்தும், எங்களைப் போல மலையாளம் தெரிந்த ஒரு பெண் அலுவலர் அங்கே இருந்ததால், போய்ச் சொல்லிவிட்டேன். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். தட்டு இங்கேயே இருக்கும், எழுத்தை மட்டும் மாற்றிவிடுகிறோம் என்றார்.

அண்ணன் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ரயிலில் சாப்பாட்டுப் பொட்டலத்தை மட்டும் பிரித்து என் பக்கம் தள்ளினார். போடியில் பஸ் ஏறி, மெட்டு தாண்டி, எங்கள் தேயிலை தெரிந்ததும் ஜன்னல் பக்கம் குனிந்தார்.

"எந்தச் சரிவு?"

காட்டினேன். மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"அவ்வளவு உயரத்துல இருந்தா வந்த? தட்டோட போச்சு. உன் மண்டை தப்பிச்சது."