நல்ல நேரத்தில் ஓடிய என்ஜின்

எனக்குக் கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசிவிடும். கோவை கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கிறேன். கூட வேலை பார்த்தது என் மனைவியின் தம்பி. பழைய கார் என்ஜின் ஒன்றை டூ ஸ்ட்ரோக்காக மாற்றிவிட வேண்டும் என்ற பைத்தியம் எங்கள் இருவருக்கும் சேர்ந்தே பிடித்தது. சாதாரணமாக, பிஸ்டன் சுழற்றும் கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால்தான் வால்வைத் திறக்கும் கேம் ஒரு சுற்று சுற்றும். பல்சக்கரத்தை மாற்றி இரண்டையும் சமமாகச் சுற்றவைத்தோம். இனி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு வெடி. காற்றை உள்ளே தள்ள ஃபவுண்டரி உலையின் புளோயரைப் பூட்டினோம்.

வால்வுகள் இரட்டை வேகத்தில் அடிக்கும், பழைய ஸ்பிரிங் தாங்காது, கெட்டி ஸ்பிரிங் வரட்டும் என்றான் மச்சினன். ஆயுத பூஜையன்று ஓட்டியே தீருவேன் என்று குதித்தேன்.

சந்தனம் வைத்து, சூடம் காட்டி, சாவியைத் திருப்பினேன். பட்டறையில் நாங்கள் இருவர்தான். என்ஜின் உறுமிய உறுமலில் ஸ்டாண்டு தரையில் குதித்தது. பூமாலை பெல்ட்டில் சிக்கிச் சிதறியது. சந்தோஷத்தில் கத்திக்கொண்டே வேகத்தை ஏற்றினேன். உள்ளே இரும்பை இரும்பு அடிக்கத் தொடங்கியது.

"போதுமுங்க மச்சான், அணைச்சுப்போடலாமுங்க" என்று சாவிக்குக் கை நீட்டினான்.

பூஜை போட்டு ஓட்டியதை நல்ல நேரம் முடியும் முன் அணைத்தால் அபசகுனம் என்பது எங்கள் பட்டறை வழக்கம். கையிலிருந்த ஸ்பேனரால் அவன் மணிக்கட்டில் ஓங்கி அடித்தேன். வலியில் குனிந்தான். அதே நேரம் வால்வு முறிந்து சிலிண்டருக்குள் விழுந்தது. பிஸ்டனோடு பூட்டிய கனெக்டிங் ராடு என்ஜின் பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியே வந்தது. கொதிக்கும் ஆயிலும் இரும்புத் துண்டுகளும் அவன் முகத்தில் அறைந்தன. நான் அடிக்காமல் இருந்திருந்தால் அவன் முகம் அந்த உயரத்துக்கு வந்திருக்காது.

வலது கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை என்றார் டாக்டர். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைச் சுவரில் குத்திக்கொண்டேன். வெட்கமில்லாமல் அது வலித்தது.

மனைவி ஓடிவந்ததும், நான் வாய் திறப்பதற்குள் அவன் முந்திக்கொண்டான்.

"நாந்தான் அக்கா ஸ்பீடு ஏத்திப்போட்டேன். மச்சான் வேண்டாம்னுதான் சொன்னாருங்க."

பெரியவர்கள் பேச்சைக் கேட்டிருந்தால் இப்படி ஆகுமா என்று அழுதுகொண்டே அவனைத் திட்டினாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏனுங்க, நீங்க சொன்னீங்கதானுங்களே?"

சொன்னேன் என்றேன்.