பிலோமின் ஊற்றாத தண்ணீர்

பிலோமின் போய்விட்டாள்.

காலையில் பாண்டிச்சேரி சாரத்திலிருந்து அவள் மகன் போன் செய்தான். "பெரீம்மா... அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க."

"சரிப்பா" என்றேன். போனை வைத்தேன். வாசலில் காய்கறி வண்டி நின்றது, கத்திரிக்காய் வாங்கினேன். பேரம்கூடப் பேசினேன். அழுகை வரவில்லை... இதை எழுதும்போதும் வரவில்லை.

என்னோடு வேலை பார்த்த நர்ஸ்கள் சிலர் இந்த ஃபேஸ்புக் பக்கத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு அவள் சீனியர், பிலோமின் மேடம். எனக்கு பிலோமி.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக் கொடி இறங்கி நம் கொடி ஏறி நாலைந்து வருஷம் ஆகியிருந்த நேரம். டவுனில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. இருவரும் ஒரே வார்டு, ஒரே டூட்டி.

கொடி மாறினாலும் எங்கள் பெரிய டாக்டர் பிரெஞ்சில்தான் திட்டுவார். எனக்கு ஒன்றும் புரியாது. என் பங்குத் திட்டையும் பிலோமியே வாங்கிக்கொண்டு "மெர்சி முசே" என்று நன்றியும் சொல்லிவிட்டு வருவாள்.

"என்னடி சொன்னாரு?"

"உன்ன ரொம்ப நல்ல பொண்ணுன்னாரு. வா, பெட்ஷீட் மாத்தலாம்."

எதைத் தொட்டாலும் முதலில் சிலுவை போட்டுக்கொள்வாள். ஊசி, கத்தரி, பெட்பேன்... எனிமா கொடுக்கும் முன்புகூட.

"ஏன்டி, இதுக்குமா உன் சாமி?"

"இதுக்குத்தான்டி முக்கியமா வேணும். நீ வந்து புடிச்சிப் பாரு, தெரியும்."

குப்பத்திலிருந்து மீன் விற்கிற பெண்கள் கூடையை இறக்கி வைத்த கையோடு வலியில் வந்து சேர்வார்கள். எங்களில் சிலர் மூக்கைப் பொத்துவார்கள். பிலோமி குனிந்து அவர்கள் கால் கழுவிவிட்டுக்கொண்டே "இன்னிக்கு வஞ்சிரம் வந்துச்சா?" என்று கேட்பாள். அவ்வளவு வலியிலும் அந்தப் பெண் விலை சொல்வாள்.

சேசுவைப் பற்றி அவள் யாரிடமும் பிரசங்கம் செய்து நான் கேட்டதில்லை. என்னிடமும் பேசியதில்லை.

ஒரே ஒரு தடவை தவிர.

என் முதல் பிள்ளை அதே வார்டில்தான் பிறந்தான். எட்டாம் மாதத்திலேயே. மதியம் டாக்டர் வந்து பார்த்துவிட்டு, பொழுது சாயும்வரை தாங்காது என்று பக்கத்தில் இருந்தவர்களிடம் சொன்னார். அந்த ஒரு தடவை பிரெஞ்சு எனக்கே புரிந்தது.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் இருந்தது. பிழைக்காது என்று தெரிந்த குழந்தையின் தலையில் கிறிஸ்தவ நர்ஸ்கள் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி, பிதா சுதன் என்று ஜெபம் சொல்லி, ஞானஸ்நானம் கொடுத்துவிடுவார்கள். எந்த வீட்டுக் குழந்தையானாலும். பெரும்பாலும் தாயைக் கேட்க மாட்டார்கள்.

கெட்ட எண்ணம் கிடையாது. ஞானஸ்நானம் இல்லாமல் செத்தால் குழந்தை மோட்சத்துக்குள் போக முடியாது, வெளியிலேயே நிற்கும் என்று அப்போது அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். பிலோமியும் அதை முழுசாக நம்பினாள்.

நான் கண்ணை மூடிப் படுத்திருந்தேன். சின்னக் கிண்ணத்தில் தண்ணீரோடு வந்து நின்றாள். அப்படியே ஊற்றியிருக்கலாம், எனக்குத் தெரிந்திருக்காது. என் தோளைத் தொட்டாள்.

"மங்கா... ஊத்தட்டுமா?"

"வேணாம் பிலோமி. எங்க புள்ளயாவே போவட்டும்."

"நல்லா யோசிச்சியா?"

"யோசிச்சேன்."

அவள் முகம்... அதை எழுத எனக்கு வரவில்லை. கிண்ணத்தை ஜன்னலில் வைத்தாள்.

"சரி. அப்ப சூடாவாச்சும் இருக்கட்டும்" என்று அவனை எடுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். டூட்டி முடிந்தும் போகவில்லை. பஞ்சைப் பாலில் நனைத்து உதட்டில் வைத்துக்கொண்டே இருந்தாள்.

என் வீட்டுக்காரர் கிராமத்திலிருந்து பஸ் பிடித்து வந்து முகம் பார்த்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் பிள்ளை போய்விட்டான்.

மறுநாள் காலையில் எடுத்துப் போனார்கள். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. "எங்களுக்கு அந்தக் கட்டுப்பாடு இல்ல, நான் போறேன்" என்றாள் பிலோமி. என் வீட்டுக்காரர் தடுக்கவில்லை. வெள்ளைத் துணியில் சுற்றி, குழிவரைக்கும் அவள்தான் தூக்கிக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து என் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மண்ணு மெத்துன்னு இருந்துச்சிடி" என்றாள்.

வார்டில் ஒருத்தி அவளைக் கேட்டாள், "தண்ணி ஊத்துனியா?"

"இல்ல."

"படுபாவி, பச்சப் புள்ளய வெளிய நிறுத்திட்டியே!"

அதன் பிறகு சிலர் அவளோடு ரொம்ப நாள் பேசவில்லை. மாதா கோயிலிலும் ஏசினார்களாம். அவள் எனக்குச் சொல்லவில்லை, வேறு ஒருத்தி சொல்லித்தான் தெரியும். பிலோமி எப்போதும்போல வந்தாள், சிலுவை போட்டாள், பெட்பேன் எடுத்தாள்.

ரிட்டயர் ஆகிப் பல வருஷம் கழித்து ஒருநாள் நோணாங்குப்பம் போயிருந்தோம். குடும்பமெல்லாம் படகில் போயிருந்தார்கள், நாங்கள் இருவரும் கரையில். அப்போதுதான் கேட்டேன்.

"அன்னிக்கு ஏன்டி என்னக் கேட்ட? நான் கண்ண மூடிட்டுதான இருந்தேன்."

"உன் புள்ளடி. உன்னக் கேக்காம எப்படி?"

"அப்ப அவன் வெளியிலதான் நிக்கிறானா?"



"தெரியலடி மங்கா. தெனம் பூசையில சொல்லிகினுதான் இருக்கேன்... அவன உள்ள வுட்டுடு சேசுவேன்னு."

தினமும்... இத்தனை வருஷமும்.

நாளை சாயங்காலம் அடக்கம். போக வேண்டும். எந்தப் புடவை கட்டுவது என்று பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

போய் வா பிலோமி.

அவனை உள்ளே பார்த்தால் தூக்கி வைத்துக்கொள். வெளியில் நின்றுகொண்டிருந்தால்... உடனே உள்ளே போய்விடாதே. கொஞ்ச நேரம் அவனோடு நில்.