சிம்னி நின்ற இடம்

திருவொற்றியூரில் ஒரு கிடங்கின் கூரைமேல் ஏறி சோலார் பலகைகளைக் கழுவுவதுதான் இப்போது என் பிழைப்பு. போன வாரம் துணியைப் பிழிந்தபோது கறுப்புத் தண்ணீர் வடிந்தது. முகர்ந்து பார்த்தேன். இந்த வயதில் அழுக்குத் துணியை முகர்கிறவனை என்னவென்று சொல்வது? ஆனால் எனக்குப் பழகிய வாசனை அது. நனைந்த நிலக்கரி. கரி லாரிகள் போகும் சாலையிலிருந்து பறந்து வந்து, அழைக்காத சொந்தக்காரன் மாதிரி பலகையில் உட்கார்ந்துகொள்கிறது.

பதினான்கு வருடம் அந்த வாசனையோடு குடித்தனம் நடத்தியவன் நான். எண்ணூர்ப் பக்கம் ஒரு பழைய அனல்மின் நிலையத்தில் ஒப்பந்த வேலை. கரி போகும் பெல்ட் கூடவே நடக்க வேண்டும், உருளை சிக்கினால் மணி அடிக்க வேண்டும். அதனாலோ என்னவோ, இன்றும் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதுகூட இரண்டு முறை எழுந்துவிடுவேன். என் சட்டைகளை மனைவி தனி வாளியில் ஊறவைப்பாள். வாளி என்றதும் அவள் அண்ணன் தேசிங்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

தேசிங்கு மச்சான் காத்திவாக்கத்து மீனவர். வீட்டுக்கு வந்தால் அந்த வாளியை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே நுழைவார். "இதத்தான் மாப்ள நாங்க மூச்சுல இஸ்துகினு கீறோம்" என்பார். நிலையத்தை மூடச் சொல்லி நடந்த கூட்டங்களில் எல்லாம் முன்வரிசை அவருக்கு. எனக்கோ அந்தச் சிம்னியில்தான் சோறு வெந்தது. அவர் தங்கை இருவருக்கும் ஒரே குழம்பைத்தான் ஊற்றினாள்.

ஒரு நாள் மூடியேவிட்டார்கள். இனி வெயிலும் காற்றும்தான் மின்சாரம் என்றார்கள். என் வேலை போயிற்று. சிம்னியை வெடிவைத்துச் சாய்த்த அன்று ஊரே வேடிக்கை பார்த்தது. மச்சான் கைதட்டினார். எல்லாரும் தட்டுகிறார்களே என்று நானும் லேசாகத் தட்டினேன், வெட்கங்கெட்டவன்.

பத்து நாள் கழித்து மச்சான் காலையிலேயே வந்தார். வாளிப் பக்கம் திரும்பவில்லை. அவர் அப்பா கண்டுபிடித்த மீன்பாறை ஒன்று கடலுக்கடியில் உண்டு. அம்மன் கோயில் கோபுரத்துக்கு நேர் பின்னால் சிம்னி தெரியும்படி படகை ஓட்டி, பதினெட்டுப் பாகம், அதாவது நூறடிக்குச் சற்று மேல், ஆழத்தில் தூண்டில் போட்டால் சங்கரா மீன் ஏறும். குடும்பத்துக்கே அதுதான் சோறு. ஜி.பி.எஸ். மெஷினில் குறித்தால் மற்றவர்களுக்குத் தெரிந்துவிடும் என்று அவர் எங்கும் குறித்ததில்லை. சிம்னி ஒழிய வேண்டும் என்று அத்தனை வருடம் கத்திய மனுஷனுக்கு, அது ஒரு நாள் நிஜமாகவே ஒழியும் என்று தோன்றவேயில்லை.

"நீ அங்கியே கெடந்தவன். எங்க நின்னுச்சுன்னு கடல்லேர்ந்து கை காட்டு, போதும்" என்றார்.

போனேன். வாந்தி எடுத்தது தனிக் கதை. கரை தள்ளிப் போனதும் திரும்பிப் பார்த்தேன். கோபுரம் இருந்தது. அத்திப்பட்டுப் பக்கம் வேறு சிம்னிகள் புகைந்துகொண்டிருந்தன, அவை எதற்கும் உதவாது. பதினான்கு வருடம் எங்கள் சிம்னியின் காலடியிலேயே நடந்தவன், கடலிலிருந்து ஒரு நாளும் அதைப் பார்த்ததில்லை. கூசிப்போனேன். ஏதோ ஓர் இடத்தைக் காட்டினேன். மச்சான் படகைத் திருப்பி, அடியில் பாறைதானா என்று பார்க்க ஈயக்குண்டை இறக்கினார். மெத்தென்று உட்கார்ந்தது. மணல். கொஞ்சம் வடக்கே என்றேன். அங்கேயும் மணல். மத்தியானம் வரை சுற்றினோம்.

"மூடுனது நல்லதுதான் மாப்ள" என்றார், கயிற்றைச் சுருட்டிக்கொண்டே. "நாந்தான் ஒரு தபா குறிச்சி வெச்சிருக்கணும்."

இப்போது கொடியில் காயும் துணியில் சாம்பல் விழுவதில்லை. அவர் பேரன் இருமாமல் தூங்குகிறான். பாறையும் எங்கேயும் போய்விடவில்லை, மீனோடு அங்கேயேதான் கிடக்கிறது. எங்கள் இருவருக்கும்தான் அங்கே போக வழி தெரியவில்லை.