விருந்தாளித் தண்ணீர்

கடலூரில் பழைய ஊரைத் தாண்டி, உப்புக் காற்று முகத்தில் அடிக்கும் தூரத்தில், தேனருவி நகர் இருக்கிறது. பெயர் வைத்தவர் மனை விற்றவர். அங்கே அருவியும் இல்லை, தேனும் இல்லை. இருப்பது போர்த் தண்ணீர். வாயில் விட்டால் உப்புக் கரிக்கும், வாளியில் வெள்ளையாகப் படியும், துவரம் பருப்பு மதியம் வரை கொதித்தாலும் முழுசாகவே கிடக்கும். துணைத் தாசில்தாராக இருந்து ஓய்வு பெற்ற பூவராகன், 2005-இல் கைக்கு வந்ததை எல்லாம் கொட்டி இங்கேதான் வீடு கட்டினார். ஊரார் நிலத்தில் உள்ள வில்லங்கத்தை எல்லாம் ஆயுசு பூராவும் துருவிப் பார்த்த மனிதர், தான் வாங்கிய மனையில் ஒரு வாய் தண்ணீர் குடித்துப் பார்க்கவில்லை. கேட்டால், "பட்டா கிளியரா இருந்துச்சு" என்பார்.

குடிவந்த கையோடு நகர் நலச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனார். சாலை, விளக்கு என்று சில்லறை வேலைகளில் அவர் மனம் போகவில்லை. அவர் சாதித்தது ஒன்றே ஒன்று. தேனருவி நகரின் தண்ணீர் உப்பு என்கிற விஷயம் வெளியூருக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டார். தெரிந்தால் மனை விலை விழும், பெண் எடுக்கவும் கொடுக்கவும் எவனும் வரமாட்டான். அதனால் யார் வீட்டுக்கு விருந்தாளி வந்தாலும் முதல் நாளே பொன்னுரங்கத்தின் லாரி வந்துவிடும். அண்ணாகிராமம் பக்கத்து முந்திரித் தோப்பில் பிடித்த நல்ல தண்ணீர். மொட்டை மாடி டேங்கைக் காலி செய்து, கழுவி, நிரப்பிவிட்டுப் போவான். நகரில் அதற்கு விருந்தாளித் தண்ணீர் என்றே பெயர். வந்தவர்கள் காபியைக் குடித்துவிட்டு, "உங்க ஏரியா தண்ணி பிரமாதம் சார்" என்பார்கள். பூவராகன் தானே ஊற்று தோண்டியதுபோல அடக்கமாகச் சிரிப்பார்.

மகள் ப்ரீத்தியைச் சிதம்பரத்து வங்கி ஊழியர் சிவசங்கருக்குக் கொடுத்ததும் இந்தத் தண்ணீரை வைத்துத்தான். பெண் பார்க்க வந்த அன்று சிவசங்கரின் அம்மா கை கழுவினார், சோப்பு நுரைத்தது, சம்பந்தம் முடிந்தது.

தலைதீபாவளிக்குத்தான் வினை வந்தது. பொன்னுரங்கத்தின் லாரி பண்ருட்டியில் அச்சு முறிந்து நின்றுவிட்டது. விடிந்தால் மாப்பிள்ளைக்கு எண்ணெய்க் குளியல். பாசத்தில் கால் படி எண்ணெயைத் தலையில் வைத்துத் தேய்த்துவிட்டார்கள். மாப்பிள்ளை சீயக்காய் போட்டார், போகவில்லை. ஷாம்பு போட்டார், போகவில்லை. துணி சோப்பையும் எடுத்துப் பார்த்தார். எண்ணெயும் சீயக்காயும் உப்புத் தண்ணீரும் கூட்டு சேர்ந்து தலையில் களியாகக் கெட்டிப்பட்டதுதான் மிச்சம். புதுச் சட்டைக் காலரில் எண்ணெய் வழிய வந்து நின்றார் சிவசங்கர்.

"மாமா, தண்ணி எப்பவும் இப்படித்தானா?"

"சேச்சே, இன்னிக்கு மட்டும்தான் மாப்ள. மோட்டார் ரிப்பேரு" என்றார் பூவராகன். மோட்டாருக்கும் உப்புக்கும் என்ன சம்பந்தம் என்று மாப்பிள்ளை கேட்கவில்லை. மத்தியானப் பஸ்ஸில் ஊருக்குப் போய்விட்டார்.

அடுத்த வருஷம் ப்ரீத்திக்கு நாள் தள்ளிப்போனது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தான். பூவராகனின் மனைவி ஜோதிலட்சுமி சந்தோஷத்தில், குழந்தைத் துணிக்காகப் பழைய வேட்டிகளைக் கிழித்துத் துவைத்துக் காயப்போட்டாள். காய்ந்ததும் ஒவ்வொன்றும் அப்பளமாக விறைத்து நின்றது. அந்த வாரமே சிவசங்கர் போன் செய்தார்.

"மாமா, தப்பா எடுத்துக்காதீங்க. பச்சக் கொழந்தைய அந்தத் தண்ணில குளிப்பாட்ட முடியாது. நல்ல தண்ணி பைப்பு வந்தா ப்ரீத்திய அனுப்பறேன். இல்லன்னா இங்கயே பாத்துக்கறோம்."

ஜோதிலட்சுமி அன்று அடுப்பு மூட்டவில்லை. "வர்றவன் போறவனுக்கெல்லாம் நல்ல தண்ணி குடுத்தீங்களே, எம் பொண்ணுக்கு எங்கங்க?" என்றாள்.  

அந்தச் சமயம் பார்த்துக் கூட்டுக் குடிநீர்க் குழாய் கடலூர்ப் பக்கம் வந்துகொண்டிருந்தது. தண்ணீர் மோசமாக உள்ள பகுதிகளுக்கு முதலில் கொடுப்பார்களாம். பூவராகன் மனு எழுதினார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தேனருவி நகர்த் தண்ணீரைப் பற்றி உண்மையை எழுதினார். புதன்கிழமை ஒரு பெண் இன்ஜினியர் நேரில் வந்து சோதிப்பதாகப் பதில் வந்தது. சங்கத்தைக் கூட்டினார்.

"புதங்கெழம ஒருத்தரும் லாரியக் கூப்புடக் கூடாது. நம்ம தண்ணி எவ்ளோ மட்டமோ அவ்ளோ நல்லது!"

எல்லோரும் கை தட்டினார்கள். ஓய்வு பெற்ற வாத்தியார் தேவசகாயம்தான் ஜாஸ்தியாகத் தட்டினார்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் பூவராகனுக்கு யோசனை ஓடியது. இன்ஜினியரம்மா முதலில் தன் வீட்டுக்குத்தான் வருவார். அவருக்குப் போய் உப்புக் காபியா? சோதிக்கத்தான் தேவசகாயம் வீடு இருக்கிறதே, ராஜாமணி வீடு இருக்கிறதே. நகர் முழுக்க உப்பு இருக்கும்போது செயலாளர் வீட்டிலும் இருந்துதான் ஆக வேண்டுமா? செவ்வாய்க்கிழமை காலை பொன்னுரங்கத்துக்குப் போன் போட்டார்.

"இன்னிக்கி செம பிஸி சார். ரெண்டு மணிக்கு மேலதான் வர முடியும்" என்றான் பொன்னுரங்கம். யார் வீட்டில் பிஸி என்று பூவராகன் கேட்கவில்லை.

லாரி வந்து நின்றதும் ஜோதிலட்சுமி வாசலுக்கு வந்தாள். "நீங்கதான கூப்புடக் கூடாதுன்னீங்க?"

"காபிக்குத்தாண்டி."

"காபிக்கு ஒரு கேன் போதாதா? டேங்க் எதுக்கு?"

"கை கழுவுவாங்க இல்ல?" என்றார்.

புதன்கிழமை இன்ஜினியர் மலர்க்கொடி வந்தார். பண்ருட்டி முந்திரியும் காபியும் முடிந்ததும் பூவராகன் அவரைத் தேவசகாயம் வீட்டுக்கு நடத்திப் போனார். குழாயில் பிடித்த தண்ணீரில் மலர்க்கொடி ஏதோ பொடியைப் போட்டார், சிவந்தது. பிறகு மருந்தைச் சொட்டு சொட்டாக விட்டார். கடினத் தண்ணீர் என்றால் லேசில் நிறம் மாறாதாம். இது இரண்டாவது சொட்டிலேயே நீலமாகிவிட்டது. தேவசகாயம் பக்கத்து வீட்டுத் தென்னை மரத்தை வெகு அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மகனுக்குப் பெண் பார்க்கிறார்கள். ராஜாமணி வீட்டிலும் நீலம். அவர் மாடி போர்ஷன் வாடகைக்கு இருக்கிறது. தெரு ஓரத்தில் வீட்டுக்கு வீடு லாரிக் குழாய் ஒழுகிய ஈரம் காயாமல் கிடந்ததைப் பூவராகன் அப்போதுதான் பார்த்தார். நகரில் எல்லோரும் அவரைப் போலவே புத்திசாலிகள்.

கடைசியில் மலர்க்கொடி, "உங்க வீட்லயும் பாத்துடலாம் சார்" என்றார். அங்கே முதல் சொட்டிலேயே நீலம்.

"இவ்ளோ நல்ல தண்ணிய வச்சிக்கிட்டு ஏன் சார் மனு போட்டீங்க? கடலோரக் குப்பத்துல வாயில வைக்க முடியாத தண்ணியக் குடிச்சிக்கிட்டு இருக்காங்க."

சுற்றிலும் சங்கம் மொத்தமும் நின்றிருந்தது. பூவராகன் வாயைத் திறந்தார். "இன்னொரு காபி சாப்புடறீங்களா மேடம்?" என்றார்.

சமையலறையிலிருந்து ஜோதிலட்சுமி வந்தாள். "மேடம், இது லாரித் தண்ணி. எல்லா வீட்லயும் லாரித் தண்ணிதான். எங்க போரு மோட்டாரப் போடறேன், அதுல புடிச்சுப் பாருங்க. எம் பொண்ணு பிரசவத்துக்கு வரணும் மேடம்."

மலர்க்கொடி பூவராகனைப் பார்த்தார். "அப்படியா சார்?"

ஒரு தலையாட்டல் போதும். ஆனால் ஆட்டினால், அரசாங்க அதிகாரியை ஏமாற்றிய மாஜி துணைத் தாசில்தார் என்று ஆகிவிடும், அதுவும் தேவசகாயத்தின் முன்னால். ஜோதிலட்சுமியின் கை சுவிட்சுக்குப் போயிருந்தது. பூவராகன் குறுக்கே போய் நின்றார்.

"மோட்டார் ரிப்பேரு மேடம். அவளுக்குப் பொண்ணப் பத்தின கவல. ஏதோ பேசறா."

ஜோதிலட்சுமி கையை எடுத்துக்கொண்டாள். ஜீப் போய்விட்டது. குழாய் குப்பத்துக்குப் போனது. போக வேண்டிய இடம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

பிரசவம் சிதம்பரத்தில் நடந்தது, பெண் குழந்தை. ஜோதிலட்சுமி பையைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்கே போய்விட்டாள். பெண்ணைப் பெற்றவள் சம்பந்தி வீட்டில் போய் உட்கார்ந்து பிரசவம் பார்ப்பதை உறவில் எல்லோரும் பேசினார்கள். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மாதம் வேகாத பருப்பைத் தின்றுவிட்டுப் பூவராகன் சிதம்பரத்துக்குப் பஸ் ஏறினார். கொல்லைப்புறத்தில் ஜோதிலட்சுமி காலை நீட்டி உட்கார்ந்து, குழந்தையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். சோப்பு பொங்கப் பொங்க நுரைத்தது. அவள் உள்ளே பார்த்துக் கேட்டாள்.

"சம்பந்தி, இன்னும் ஒரு சொம்பு வெந்நி எடுத்துக்கட்டுமா?"

பேத்தியைக் குளிப்பாட்ட ஒவ்வொரு சொம்புக்கும் உத்தரவு கேட்கிறாள்.  பூவராகன் கிட்டே போய்க் குனிந்து, "ஜோதி, ஊட்டுக்கு எப்ப வர்ற?" என்றார்.

அவள் நிமிரவில்லை. குழந்தையின் தலையில் கையை அணைவாக வைத்துத் தண்ணீரை ஊற்றினாள்.

"மோட்டார் ரெடியானா சொல்லுங்க" என்றாள். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "ப்ரீத்தி, விருந்தாளி வந்திருக்காங்க பாரு. குடிக்கத் தண்ணி குடு."

ப்ரீத்தி சொம்பில் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் இனிப்பாகத்தான் இருந்தது. அவரால் ஒரு வாய்க்கு மேல் குடிக்க முடியவில்லை.