பலூனில் ஒட்டிய பொட்டுகள்

எங்கள் ஆசிரியர் அறையில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. அதன் கதவில் பதித்த கண்ணாடியின் மேல் மூலையில் வட்ட வட்டமாகப் பசைக்கறை. புதிதாகச் சேர்ந்திருக்கும் ஆங்கில ஆசிரியை போன வாரம் ஈரத்துணியும் கையுமாக அதைத் துடைக்கப் போனார். "அத மட்டும் விட்டுடுங்கம்மா" என்று நான் போட்ட சத்தத்தில், பாவம், துணியைக் கீழே போட்டுவிட்டார். அந்த வட்டங்கள் எப்படி வந்தன என்று அவரிடம் சொல்ல வாயெடுத்தேன், மணி அடித்துவிட்டது.

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் போகும் சாலையில் இருக்கிறது எங்கள் பள்ளி. நான் இயற்பியல் வாத்தியார். வேதியியல் டீச்சரும் நானும் ஒரே ஆண்டில் வேலைக்குச் சேர்ந்தோம். அவர் அந்தப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வகுப்பில் பாடப்புத்தகத் தமிழும், ஆசிரியர் அறைக்குள் வந்ததும் ஊர்த் தமிழும் பேசுவார். நானோ சிடுமூஞ்சி. யாராவது ஒன்றைத் தப்பாகச் சொன்னால், திருத்தாமல் எனக்குச் சோறு இறங்காது. அதிலும் பிரபஞ்சம் விரிகிறது என்று ஆரம்பித்துவிட்டால் போதும், திருத்தித் திருத்தியே தொண்டை கட்டிவிடும்.

ஆண்டுதோறும் ஒரு பலூனை ஊதிக் காட்டுவேன். ஊதாத பலூனில் பேனாவால் புள்ளிகள் வைத்து, ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன் கூட்டம் என்று சொல்லிவிட்டு ஊதுவேன். புள்ளிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகும். "நடு எங்க சார் கீது?" என்று உடனே கேட்பார்கள். உள்ளே இருக்கும் காற்றை மறந்துவிடு, தோல்தான் கணக்கு, தோலில் நடுவைக் காட்டு பார்க்கலாம் என்பேன். எந்தப் புள்ளியில் நின்று பார்த்தாலும் மற்றதெல்லாம் தன்னைவிட்டு விலகுவதாகத்தான் தெரியும். சுற்றுலா வேன் ஓட்டுகிறவரின் மகன் ஒருவன், பெருவெடிப்பு நடந்த இடத்தில் வேலி கட்டி டிக்கெட் போட்டிருக்கிறார்களா என்று கேட்டான். அது ஓர் இடத்தில் வெடித்த வெடி இல்லையடா, எல்லா இடமும் சேர்ந்து விரியத் தொடங்கியது, நீ நிற்கிற இடமும் அதில் உண்டு என்றேன். அவன் தன் காலடியைக் குனிந்து பார்த்துக்கொண்டான். எதற்குள் விரிகிறது என்பார்கள். வெளியே ஒன்று இருந்தாக வேண்டும் என்றில்லை, இடமே நீள்கிறது என்று சொன்னால், போலிப் பத்திரம் காட்டுகிறவனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்ப்பார்கள்.

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு வந்த அப்பா ஒருவர் கேட்டதுதான் எல்லாவற்றுக்கும் மேல். "அப்ப நான் வாங்கிகீற மனையும் விரியும்ல சார்? பத்திரத்துல இன்னா அளவு போட்டுக்கறது?" சாலை நெடுக மனை விற்கிற ஊரில் இந்தக் கேள்வி வராவிட்டால்தான் ஆச்சரியம். தலையில் கை வைத்துக்கொண்டேன். ஆய்வகத்தின் மறுகோடியில் சோதனைக்குழாய் கழுவிக்கொண்டிருந்த வேதியியல் டீச்சர் சிரித்துக்கொண்டே வந்தார். "பேனாவ தூக்கிப் போடுங்க சார். ஊதினா புள்ளியே பெருசாவுது. அதப் பாத்துட்டு மனை பெருசாவும்னு அவரு கேக்கறாரு, அதுல இன்னா தப்பு?" கைப்பையிலிருந்து ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, ஒவ்வொன்றாக உரித்துப் பலூனில் ஒட்டினார். ஊதினேன். பொட்டுகள் விலகின, ஆனால் ஒரு பொட்டும் பெரிதாகவில்லை. ஈர்ப்பு இழுத்துக் கட்டி வைத்திருக்கும் விண்மீன் கூட்டம் விரிவதில்லை, மனையும் வீடும் நாமும் விரிவதில்லை, கூட்டங்களுக்கு நடுவில் இருக்கும் வெளிதான் விரிகிறது என்று அன்றைக்குத்தான் என்னால் ஒழுங்காகச் சொல்ல முடிந்தது. அந்த அப்பாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். அதற்குப் பிறகு ஒவ்வோர் ஆண்டும் அந்தப் பாடத்துக்கு டீச்சரிடம்தான் பொட்டு வாங்குவேன்.

பிறகு ஓர் ஆண்டு அவர் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். காரியமெல்லாம் முடிந்து டீச்சர் பள்ளிக்குத் திரும்பியபோது நெற்றி வெறுமையாக இருந்தது. நாங்கள் எல்லோரும் அவர் முகத்தைப் பார்க்காமலே பேசப் பழகினோம். ஒரு மதியம் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே அவராகச் சொன்னார். "சின்ன வயசுலேருந்து வெச்சிகினு இருந்தது சார். கண்ணாடியில வேற யாரோ நிக்கற மாதிரி கீது. வெச்சிக்கணும்னு ஆசை. மாமியா இன்னா சொல்லுவாங்களோ, தெருவுல இன்னா பேசுவாங்களோன்னு பயமாவும் கீது." எதையும் திருத்துகிற நான், கழுவி வைத்த டப்பாவையே மறுபடி கழுவ எழுந்து போனேன்.

அந்த ஆண்டு பாடம் வந்தபோது அவரிடம் பொட்டு கேட்க மனம் வரவில்லை. பழைய பேனாவையே எடுத்தேன். ஆய்வகத்தின் மறுகோடியில் அவர் வழக்கம்போலக் குழாய்களைக் கழுவிக்கொண்டிருந்தார். ஊதியதும் முதல் பெஞ்சுப் பெண் எழுந்தாள். "சார், புள்ளியே பெருசாவுது. அப்ப நாமளும் பெருசாவறோமா?" இல்லை என்று ஆரம்பிப்பதற்குள் அடுத்தவள், "எங்க அக்கா கிளாஸ்ல பொட்டு ஒட்னீங்களாமே சார், எங்களுக்கு மட்டும் ஏன் ஒட்டல?" என்றாள். நான் பலூனிலிருந்து காற்றை இறக்கினேன்.

குழாய்த் தண்ணீர்ச் சத்தம் நின்றது. டீச்சர் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கைப்பையைத் திறந்தார். அட்டை உள்ளேயே இருந்தது. அதை அவர் எடுத்துப் போடவே இல்லை. புதுப் பலூன் ஒன்றில் நிதானமாக ஒட்டினார். கடைசிப் பொட்டு விரல் நுனியில் நின்றது. "ஊதுங்க சார்" என்றார். ஊதிக்கொண்டே நிமிர்ந்தேன். அது அவர் நெற்றியில் இருந்தது. "மிஸ் பொட்டு வெச்சிட்டாங்கடி" என்று யாரோ கிசுகிசுத்தார்கள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பலூன் ஊதுகிறவனின் முகம் எப்படியும் சிவந்துதான் இருக்கும், அதனால் தப்பித்தேன்.

ஆனால் வீடு வேறு. சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்புமுன் பீரோ முன்னால் நின்று, பொட்டை உரித்துக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போனார். காலையில் வந்ததும் எடுத்து வைத்துக்கொண்டார். பசை போனால் புதுசு. அப்படியே பல மாதங்கள். அந்தக் கண்ணாடியை யாரும் தொடுவதில்லை என்று ஆசிரியர் அறையில் பேசாமலே ஒரு முடிவு இருந்தது. இப்போது அவர் செங்கல்பட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் தலைமையாசிரியை. நான் பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி ஸ்டோரில் நானே பொட்டு வாங்குகிறேன். "ஸ்கூலுக்கா! இன்னா சார், பேஜார் பண்றீங்க" என்று கடைக்காரம்மா ஒவ்வொரு முறையும் சிரிக்கிறார்.

அவர் இங்கே இருந்த அந்த நாட்களில்தான், ஒரு சாயங்காலம் எதேச்சையாகப் பார்த்தேன், கண்ணாடியில் பொட்டு இல்லை. ஐயோ, மறந்துவிட்டாரே, மாமியார் முன்னால் அப்படியே போய் நிற்பாரே என்று பதறிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். பஸ் புறப்பட்டுவிட்டது. ஜன்னலோரம் அவர் உட்கார்ந்திருந்தார். "டீச்சர், பொட்டு! பொட்டு!" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிக்கொண்டே கூட ஓடினேன். அவர் தலையை வெளியே நீட்டினார்.

"மறக்கல சார்" என்றார்.

மறுநாளிலிருந்து அந்தக் கண்ணாடியில் புதிய கறை எதுவும் சேரவில்லை. இன்று காலையும் பார்த்தேன். பழைய வட்டங்கள் இருந்த இடத்திலேயே, இருந்த அளவிலேயே இருக்கின்றன.