பழைய துணியில் தைத்த சட்டை

1. என் மகள் குறைமாதத்தில் பிறந்தாள்.
2. கடையில் வாங்கிய புதுச்சட்டைகள் உரசி, அவள் கழுத்தெல்லாம் சிவந்தது.
3. சென்னையிலிருந்து அம்மா, “அப்பாவோட பழைய வேட்டியில தைச்சு அனுப்பறேன்டி” என்றாள். பிள்ளைக்குக் கந்தலா என்று மறுத்துவிட்டேன்.
4. இங்கே நியூ ஜெர்சியில், ஒரு சிறிய மியூசியத்தில் பதினெட்டாம் நூற்றாண்டுக் குழந்தைச் சட்டை ஒன்றைப் பார்த்தேன்.

அதில் பட்டன் இல்லை, நாடாதான். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகிவிட்ட பெரியவர்கள் சட்டையை வெட்டிக் கையால் தைத்தது என்று அங்கிருந்த பெண்மணி பொறுமையாக விளக்கினார்.

பார்க்கிங்கிலிருந்தே அம்மாவை அழைத்துச் சொன்னேன்.

“ஓஹோ, வெள்ளைக்காரி சொன்னாத்தான் உன் மண்டையில ஏறுமா? சரி, அளவெடுத்து வாட்ஸ்அப் பண்ணு.”

அம்மாவுக்கும் அந்த மியூசியப் பெண்மணிக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். பார்சலில் ஆறு சட்டைகள் வந்தன. மகளின் கழுத்தில் இப்போது சிவப்பு இல்லை.