ஓட்டிப் பார்க்காமல் வாங்கிய வண்டி

பல்செட் செய்பவருக்குக் கார் ஆசை வந்தது ஐம்பதைத் தாண்டிய பிறகு. அதற்குக் காரணம் அவர் மனைவி. நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு பள்ளியில் அவள் புவியியல் ஆசிரியை. கல்யாணமான நாளிலிருந்து இரண்டு பஸ் மாறித்தான் போய்வந்துகொண்டிருந்தாள். ஓய்வு பெற ஒரு வருஷம் இருந்தபோது, ஒரு மழைநாள் மாலை, தோள்வரை நனைந்து வீடு வந்தவள் செருப்பைக் கழற்றியபடியே சொன்னாள்: "கடைசி வருஷமாவது முன்சீட்ல சாஞ்சு உக்காந்து போகணும்னு இருக்கு."

வாய்விட்டு எதையும் கேட்கிற ஆள் அவளில்லை. அதனால் அந்த ஒரு வாக்கியம் அவருக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

அவருடைய பட்டறை ஒரு பல் மருத்துவமனையின் பின்கட்டில் இருந்த சின்ன அறை. மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளை வைத்து அங்கே செயற்கைப் பற்களைக் கோத்துக்கொண்டிருப்பார். மேசையெல்லாம் வெள்ளைப் பொடி, காற்றில் உருகிய மெழுகின் வாசனை. தொழிலில் அவர் கறார். முதலில் மெழுகில் பல் அடுக்கி அனுப்புவார். மருத்துவர் அதை நோயாளியின் வாயில் வைத்து, கடிக்கச் சொல்லிப் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான் இவர் கெட்டிப்படுத்துவார். ஆளுக்கு ஊருக்குப் போகிற அவசரம், இந்த ஒரு தடவை நேராக முடித்துக் கொடுங்கள் என்று எந்த மருத்துவர் கேட்டாலும் அசையமாட்டார். "வாய்ல வெச்சுப் பாக்காம குடுத்தா அது பல்லு இல்ல டாக்டர், ஷோகேஸ் பொம்மை" என்பார். இந்தப் பிடிவாதத்தால் போன வேலைகளும் உண்டு. அதற்காக அவர் வருத்தப்பட்டதில்லை.

லைசென்ஸ் அவரிடம் இருந்தது. பயிற்சிப் பள்ளியின் காரில், பக்கத்து இருக்கையிலும் கிளட்சும் பிரேக்கும் இருந்தன. வண்டி திணறும்போதெல்லாம் பயிற்சியாளரின் கால் சத்தமில்லாமல் வேலை செய்துவிடும். "சாருக்குக் கால் நல்லா பழகிடுச்சு" என்று அவர் சொன்னதைப் பல்செட்காரர் நம்பினார். பழகியிருந்தது யாருடைய கால் என்று யோசிக்க அப்போது தோன்றவில்லை.

கார்க்கடைக்கு இருவரும் சேர்ந்துதான் போனார்கள். மனைவிக்குப் பிடித்தது உயரமான, சாதுவான ஒரு சின்னக் கார். ஏறி இறங்கச் சுலபம், கிளட்சும் லேசு என்றார்கள். கூட வேலை பார்க்கும் ஒரு டீச்சர் கிளட்சே இல்லாத வண்டி வைத்திருப்பதாகவும், புதிதாக ஓட்டுகிறவர்களுக்கு அதுதான் தோது என்றும் அவள் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

"அதுல ஓட்டறதுக்கு என்ன இருக்கு? லிஃப்ட்ல ஏறி நின்னுக்கலாம்" என்றார் அவர்.

அவர் கண் போனது மூலையில் நின்ற சிவப்பு வண்டியின் மேல். தரையோடு ஒட்டிய உருவம், அகலச் சக்கரங்கள், பின்னால் இரட்டைப் புகைக்குழாய். உள்ளே ஏறி உட்கார்ந்து, எஞ்சின் ஓடாத நிலையிலேயே கியரைப் போட்டுப் பார்த்தார். ஒவ்வொரு கியரும் அதனதன் இடத்தில் டக்கென்று போய் அமர்ந்தது. துளி ஆட்டம் இல்லை. மயிரிழை பிசகையும் விரல்நுனியில் கண்டுபிடிக்கிற கை அது. கை சரியென்று சொல்லிவிட்டால் அவருக்கு வேறு சாட்சி தேவையில்லை.

ஓட்டிப் பார்ப்பதற்காக வாசலில் நின்ற அதே ரக வண்டிக்குக் கூட்டிக்கொண்டுபோய், விற்பனைக்காரர் சாவியை நீட்டினார். "நீங்களே எடுங்க சார், ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."

கடை வாசலிலிருந்து சாலைக்கு ஏறும் ஒரு சரிவு. சரிவு முடிகிற இடத்தில் இடைவெளியே விடாமல் ஓடும் போக்குவரத்து. கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் காத்திருந்த நாலைந்து பேர், பொழுதுபோகாமல் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சரிவில் வண்டி குலுங்கி நிற்பதும், அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பதும் அவர் மனசுக்குள் ஒருமுறை நடந்து முடிந்தது.

"நீங்க ஓட்டுங்க தம்பி. நான் பக்கத்துல உக்காந்து சத்தத்தக் கவனிக்கறேன்."

பின்சீட்டில் ஏறியிருந்த மனைவி சொன்னாள், "ஏங்க, நீங்க ஒரு தரம் ஓட்டிப் பாத்துடுங்களேன்."

"பாக்கறதெல்லாம் பாத்தாச்சு."

விற்பனைக்காரர் ஓட்டியபோது வண்டி வழுக்கிக்கொண்டு போனது. சரிவில் ஏறியது தெரியவில்லை. கியர் மாறியது தெரியவில்லை. பல்செட்காரருக்கு மனசு நிறைந்துவிட்டது. அன்று அவருக்குப் பிடித்துப்போனது அந்த இளைஞரின் கால்கள். கால்கள் கடையிலேயே தங்கிவிட்டன, வண்டி மட்டும் வீட்டுக்கு வந்தது.

கிளட்ச் கனமாக இருந்தது. மிதியை முக்கால்வாசிக்கு மேல் விடும்வரை ஒன்றுமே நடக்காது. பிறகு சொல்லாமல் கொள்ளாமல் பிடித்துக்கொள்ளும். எஞ்சினோ மெதுவாகப் போனால் தூங்கும், கொஞ்சம் அழுத்தினால் பாயும். தெருவின் ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் வந்து கையெழுத்துப் போட்டது. லாரி ஓட்டுகிற மைத்துனர் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து ஓட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார். "நல்ல வண்டி மாமா. ஓட்டத் தெரிஞ்சவனுக்குச் செஞ்சது. உங்களுக்கு யார் குடுத்தாங்க?" என்றார். பல்செட்காரர் சிரித்து மழுப்பினார்.

பள்ளி திறந்த முதல் நாள், முன்சீட்டில் மனைவி. மடியில் கைப்பை, முகத்தில் அவள் மறைக்க முயன்ற சந்தோஷம். நாலு தெருவை எப்படியோ கடந்தார்கள். ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது முன்னே போன பஸ் நின்றது, இவரும் நின்றார். கிளம்பும்போது வண்டி குலுங்கி அணைந்தது. மறுபடி முயன்றார், மறுபடி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் ஒன்றாகச் சேர்ந்து கத்த ஆரம்பித்தன. மூன்றாவது தடவை வண்டி பின்னோக்கி உருண்டு, பின்னால் நின்ற பால் வேனை முட்டியது.

வேன்காரர் இறங்கி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தால், அவர் குனிந்து உள்ளே பார்த்துவிட்டு, "எறங்கிப் பின்னால உக்காருங்க சார்" என்று தானே ஏறி உட்கார்ந்து, பாலத்தின் உச்சிவரை ஓட்டிக் கொண்டுபோய் நிறுத்திவிட்டு நடந்தே திரும்பிப் போனார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது பல்செட்காரருக்கு.

அன்று அவள் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தபோது முதல் வகுப்பு முடிந்திருந்தது. அத்தனை வருஷத்தில் அவள் ஒரு வகுப்பைத் தவறவிட்டது அதுவே முதல்முறை. மறுநாள் காலை பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். "நீங்க பழகுங்க. பழகினதும் சொல்லுங்க, வர்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

அவர் பழகத்தான் செய்தார். விடியற்காலையில், தெருவில் ஆளரவம் எழுவதற்கு முன், சிவப்பு வண்டியை வெளியே எடுப்பார். பட்டறையில் எல்லாருக்கும் விஷயம் தெரிந்துபோயிற்று. மாஸ்டர் தினமும் விடியுமுன்னே வண்டியின் தூக்கத்தைக் கலைக்கிறார் என்று கேலி செய்தார்கள். சில மாதங்களில் பாலத்தை ஒருதரம் நிற்காமல் கடந்தார். அன்றைக்கே மனைவியிடம் சொல்லிவிட வேண்டும் என்று வீட்டுக்கு வந்தார். ஆனால் நாளைக்கும் ஒருமுறை பார்த்துக்கொண்டு சொல்வோமே என்று தோன்றியது. மறுநாள் ஒரு சிக்னலில் வண்டி இரண்டு முறை அணைந்தது. சொல்லாமல் விட்டதே நல்லதாயிற்று என்று நினைத்தார்.

அதன்பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். மைத்துனர் இதைக் கொடுத்துவிட்டுச் சாதுவான வண்டியாக மாற்றிக்கொள்ளச் சொன்னபோதும் மறுத்துவிட்டார். மாற்றினால் தோற்றதை ஒப்புக்கொண்ட மாதிரி. அவள் கேட்காமல் இருப்பதைப் பொறுமை என்று எடுத்துக்கொண்டார். தினமும் காலையில் ஜன்னல் வழியாக, பஸ் நிறுத்தத்தை நோக்கி வேகமாக நடக்கும் அவள் முதுகைப் பார்ப்பார். கீழே வண்டி நிற்கும்.

மெழுகில் சரிபார்க்காமல் ஒரு பல்லைக்கூட முடிக்காத மனுஷர், ஒரு நிமிஷ வெட்கத்துக்குப் பயந்து ஓட்டிப் பார்க்காமல் ஒரு காரை வாங்கினார். அந்த வெட்கத்தைக் காப்பாற்ற ஒரு வருஷத்தையும் கொடுத்தார். நல்ல கை உள்ளவர்களுக்கு வருகிற கேடு இது: எல்லாவற்றிலும் தேறியவர்களாகவே பிறர் கண்ணில் பட வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள்.

ஓய்வு பெறும் நாளுக்கு முந்தைய இரவுச் சாப்பாட்டின்போது ஒருவழியாகச் சொன்னார். "நாளைக்கு நான் கொண்டுபோய் விடறேன். இப்போ நல்லா வருது."

அவள் தட்டிலிருந்து நிமிரவில்லை. "நாளைக்கு பஸ்லயே போயிட்டு வந்துடறேங்க. கூட வர்றவங்க எனக்குன்னு ஏதோ ஏற்பாடு பண்ணியிருக்காங்க, எடம் போட்டு வெச்சிருப்பாங்க." குரலில் கோபமே இல்லாமல் மேலும் சொன்னாள்: "வண்டி நின்னு நின்னு போனாலும் பரவால்லன்னுதான் இருந்தேன். அதுக்கென்ன, கொஞ்சம் சீக்கிரமே கெளம்பிட்டா ஆச்சு. நீங்க கூப்பிடவே இல்ல."

அவர் செம்பை எடுத்து அவள் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார்.

"சாயங்காலம் பள்ளிக்கூடத்துக்கு வாங்க. அலமாரில என் சாமான் நிறைய இருக்கு. அத மட்டும் வண்டில எடுத்துட்டு வந்துடுங்க" என்றாள்.

போனார். சுருட்டிய நிலப்படங்கள், உலக உருண்டை, புத்தகங்கள், மாணவர்கள் கொடுத்த பரிசுகள். வண்டியின் சாய்ந்த பின்பக்கம் பார்க்க அழகு, கொள்ளுவது கொஞ்சம். பின்சீட்டும் நிறைந்துவிட, புத்தகப் பெட்டியை முன்சீட்டில் வைத்தார். வண்டியைக் கிளப்பியதும் பெட்டியின் கனத்தை ஆள் என்று நினைத்து, பெல்ட் போடச் சொல்லி மணி அடித்தது. தெருமுனைவரை பொறுத்துப் பார்த்தார்; அது நிற்கிற வழியாக இல்லை. ஓரமாக நிறுத்தி, பெல்ட்டை இழுத்துப் பெட்டியைச் சுற்றி மாட்டினார்.

பாலத்தில் நெரிசல். ஏற்றத்தின் நடுவில் நின்றார். முன்வண்டி நகர்ந்ததும் இவர் கால் தானாகவே கிளட்சைக் கண்டுபிடித்தது. வண்டி ஒரு சிணுங்கல் இல்லாமல் ஏறியது. பக்கத்தில் பெட்டி இருந்தது.

அவர் வீடு வந்து வெகுநேரம் கழித்துத்தான் அவள் பஸ்ஸில் வந்தாள், கையில் பூங்கொத்தோடு. சாமான் இறக்கக் கீழே போனார்கள். முன்கதவைத் திறந்தவள், பெல்ட் போட்ட பெட்டியைப் பார்த்து ஒரு கணம் நின்றாள்.

"பத்திரமாத்தான் கூட்டிட்டு வந்திருக்கீங்க" என்றாள்.

அவர் சிரிக்க முயன்றார். பிறகு, "இதெல்லாம் மேல வெச்சுட்டு, ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்று கேட்டார்.

"எங்க?"

அவள் நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவருக்கு எந்த இடமும் தோன்றவில்லை. பெல்ட்டைக் கழற்றி, பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு படியேறினார்.